பொத்தானின் தலையளவு

மூன்று மாதமாக மகளின் தலை வளரவே இல்லை. இதைத் தையல்காரி கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முதல் வாடிக்கையாளருக்கு இடுப்பளவு எடுத்த கையோடு அதே டேப்பைத் தொட்டிலுக்குள் நீட்டியபோது.

ஆஸ்பத்திரி அட்டையில் ஆறாம் மாதத்துக்கு நாற்பத்திரண்டேகால் சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. இப்போது ஒன்பதாம் மாதம். டேப் நாற்பத்திரண்டு என்றது. வளராதது போக, கால் சென்டிமீட்டரைக் காணோம்!

அவள் அளவு தவறியதாகச் சரித்திரமே இல்லை. அவள் தைத்த சட்டையைப் போட்டால் தொப்பை வெட்கப்பட்டு உள்ளே போய்விடும் என்பார்கள். ஓடும் பேருந்தின் ஜன்னலோரம் இருந்த ஆளைக் கண்ணாலேயே அளவெடுத்து, அவன் கல்யாணத்துக்குக் கோட்டுத் தைத்து வைத்திருந்தாளாம். இதில் பாதியை நம்பலாம்.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் நாத்தனார். கடையில் சட்டைத் துளைகளுக்குக் காஜா எடுப்பதும் ஊர்வம்பு எடுப்பதும் அவள் பொறுப்பு.

"பொத்தானுக்குத் தலை சின்னதாயிட்டே போகுதுடி."

பிறந்த அன்று வாயை வட்டமாகக் குவித்துக்கொண்டு கிடந்ததால் பிள்ளைக்குப் பொத்தான் என்று பெயர் நிலைத்துவிட்டது.

"கத்தி வச்சு எடுத்த பிள்ளைல்ல அண்ணி? தானா பொறக்கிற பிள்ளை முட்டி மோதி வரும், திடமா இருக்கும். இவ ஜிப்பைத் திறந்த மாதிரி நோகாம வந்தவ. அதான் மாசத்துக்கு ரெண்டு தரம் சளி வேற."

"முதல்ல உன் வாய்க்கு ஒரு ஜிப்பு வைக்கணும்."

சொல்லிவிட்டாளே தவிர, தையல்காரி டேப்பை மறுபடி தொட்டிலுக்குள் நீட்டினாள். கத்தியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். உள்ளே குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியது, அவசரமாக எடுத்தார்கள், வீல் என்று அழுதாள், உயிர் வந்தது. வேறொன்று அவளை அரித்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பள்ளிச் சீருடைத் துணி கூரையை முட்டிக் கிடந்தது. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டல். மிஷினில் உட்கார முடியவில்லை. பத்து நாள் விழுங்கினாள், அப்புறம் விட்டுவிட்டாள். சாப்பாட்டு நேரத்தை டீயும் பன்னுமாக ஒப்பேற்றினாள். புருஷன் கேட்டபோதெல்லாம் "போட்டாச்சு, போட்டாச்சு" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

அன்று மட்டும் ஆறு தடவை அளந்தாள். ஐந்து தடவை நாற்பத்திரண்டு. பிள்ளை திமிறிய ஒரு தடவை அதற்கும் குறைவு. ஆஸ்பத்திரியில் குறித்த தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. யார் காத்திருப்பது? மறுநாள் காலையிலேயே பிள்ளையையும் நாத்தனாரையும் டேப்பையும் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

நர்ஸ் தன் டேப்பைச் சுற்றிப் பார்த்தாள். "நாற்பத்திமூணரை. நல்லாத்தானே இருக்கு?"

"உங்க டேப்பு தப்பு."

"என்னது?"

"பதினாலு வருஷமா இந்த டேப்புல தைக்கிறேன். ஒரு சட்டை திரும்பி வந்ததில்ல. கேட்டுப் பாருங்க."

நர்ஸ் இரண்டு டேப்பையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினாள். தையல்காரியின் டேப் ஐந்து சென்டிமீட்டர் வெளியே தொங்கியது. பதினாலு வருஷம் இழுத்த இழுப்பில் துணி டேப் நீண்டு, கோடுகள் அகன்றுபோயிருந்தன. எதை அளந்தாலும் குறைத்துத்தான் சொல்லும்.

"அப்புறம் எப்படிங்க சட்டை சரியா இருந்துச்சு?" என்றாள் நர்ஸ்.

தையல்காரிக்கு முகம் சிவந்தது. "ஆளையும் இதுலதான் அளப்பேன். துணியையும் இதுலதான் வெட்டுவேன்."

"பொய்யும் பொய்யும் சேர்ந்து பொருந்திப் போச்சு!" என்று நாத்தனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. பொத்தானின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தலை சரிம்மா. ஆனா வெளுத்திருக்காளே. விரல்ல ஒரு சொட்டு எடுக்கலாமா?"

வந்த நிம்மதி வாசலோடு போயிற்று. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி இரண்டு. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டுமாம்.

"மாசமா இருக்கும்போது இரும்பு மாத்திரை போட்டீங்களா?"

நாத்தனார் பக்கத்தில் நின்றாள். தையல்காரி நாக்கு நுனிவரை வந்த 'போட்டாச்சு'வை விழுங்கினாள். "பத்து நாளுதான் போட்டேன். சாப்பாடும் சரியில்ல. நான்தான் பண்ணிட்டேனா?"

நாத்தனாரின் வாய் முதல்முறையாகத் தானாகவே மூடிக்கொண்டது.

"அதுவும் ஒரு காரணம்," என்றாள் நர்ஸ். பூசி மெழுகவில்லை. "வயித்துல இருக்கும்போதே பிள்ளை ஆறு மாசத்துக்கான இரும்பைச் சேத்து வச்சுக்கும். அம்மாகிட்ட இல்லைன்னா அதுக்கும் குறையும். உங்களுக்கு அவசர ஆபரேஷன் வேற. கொடியை உடனே வெட்டியிருப்பாங்க, அதுல வர வேண்டிய ரத்தம் கொஞ்சம் போயிருக்கும். அப்படிப் பொறந்த சில பிள்ளைங்களுக்குச் சளித் தொல்லையும் கூட இருக்கலாம். ஆனா அந்த ஆபரேஷன் இல்லைன்னா இவளே இல்ல. புரியுதா?"

தலையாட்டினாள். புரிந்தது பாதி, பயம் முழுசு.

"ஏறுமா?"

"விடாம சொட்டு மருந்து குடுத்தா ஏறும். பாலோட சேத்துக் குடுக்காதீங்க. மலம் கறுப்பாப் போகும், பயந்து நிறுத்திடாதீங்க. நீங்களும் கையை நீட்டுங்க, உங்களுக்கும் பாக்கணும்."

நாளெல்லாம் ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மருந்து குடிப்பதற்குள் பொத்தான் தெருவையே கூட்டினாள். துப்பியதில் மூன்று வாடிக்கையாளர் துணி கறைபட்டது. நாத்தனார் தாடையைப் பிடிப்பாள், தையல்காரி சொட்டு விடுவாள். "முழுங்குடி தங்கம், உன் அம்மா மாதிரி ஏமாத்தாதே," என்பாள் நாத்தனார். குத்தலாகத்தான் சொன்னாள், ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

எட்டு வாரம் கழித்து நர்ஸ் அட்டையில் எழுதினாள்: பத்து புள்ளி எட்டு.

"சரியாயிடுச்சா?"

"முக்கால்வாசி. இன்னும் ரெண்டு மாசம் குடுங்க."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் பாப்போம்மா."

தையல்காரி அட்டையை வாங்கி மூன்று தரம் படித்தாள். பிறகு மருந்து கொடுக்கும் ஜன்னலில், வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.