தோல் முட்டை போட்ட செவலை

போன வருஷம் நவரைப் பட்டத்துக்கு ஊரே நாற்று விட்டிருந்த நேரம். உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலத்தில் எங்கள் வீடு. தோட்டத்தை ஒட்டியே பக்கத்து வீட்டுக்காரரின் நாற்றங்கால். விதைத்த நெல்லைக் கோழிகள் கிளறுகின்றன என்று அவர் சண்டைக்கு வந்ததால், என் நாட்டுக்கோழிகளை மாட்டுக்கொட்டகை ஓரம் வலை கட்டி அடைத்துவிட்டோம். வேளாவேளைக்கு ரேஷன் அரிசியும் தண்ணீரும் வைத்தேன். உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அதில் செவலை என்று ஒரு பெட்டை. முட்டை வைப்பதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. அடைத்துச் சில வாரங்களில் அதன் முட்டை ஓடு மெலிந்தது. எடுத்தால் கையிலேயே நொறுங்கியது. ஒரு நாள் காலை கூடையில் கையை விட்டால் ஓடே இல்லை. வெறும் தோலுக்குள் கருவும் வெள்ளையும் தளதளவென்று ஆடின.

அன்றைக்குப் பார்த்து என் வீட்டுக்காரரின் அக்கா வந்திருந்தார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். “தோல் முட்டை போட்ற கோழி வூட்டுக்கு ஆவாது” என்றார். அதோடு விட்டிருக்கலாம். “உருப்படியா ஒண்ணு பெத்துப் போடத் துப்பில்ல. இத்த தீனி போட்டு வளத்துக்கினு இன்னா பண்றது? ஞாயித்துக்கெயம வர்றேன், கொயம்பு வெச்சிடு.”

பார்வை கோழி மேல்தான் இருந்தது. ஜாடை யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? இரண்டு முறை எனக்குக் கரு தங்காமல் போயிருந்தது. அன்று அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செவலை மேல் கத்தி படக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பெயரையாவது காப்பாற்ற வேண்டாமா?

செவலையைக் கூடையில் போட்டு மூடி, பஸ் ஏறி, கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். எல்லாரும் மாடும் ஆடுமாக நிற்க, நான் மட்டும் ஒற்றைக் கோழியோடு. “கொயம்புக்குப் போறத டாக்டராண்ட தூக்கினு வந்துகீறியேம்மா” என்று ஒருவர் சிரித்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கோழியைத் தொடுவதற்கு முன்பே என்னிடம் கேட்டார்: “இதுக்கு என்ன கொடுத்தீங்க?”

சொன்னேன். வெளியே மேய்ந்தபோது வாய்க்கால் ஓரத்து நத்தையும் புழுவும் பச்சையும் வெயிலும் கிடைத்தன, ஓட்டுக்கான சத்து அவற்றில்தான் இருக்கிறது, வெறும் அரிசியில் ஏது என்றார். கிளிஞ்சலை இடித்துத் தனியாக வைத்தால் வேண்டியதைக் கோழியே பொறுக்கிக்கொள்ளும் என்றார். தோல் முட்டை சிலசமயம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்போது வயிற்றை அமுக்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைக்கச் சொன்னார். உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்தாம்.

வந்ததும் என் பழைய புடவைகளை எடுத்து, நாற்றங்காலைச் சுற்றிக் குச்சி நட்டுக் கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கோழிகளைத் திறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்து இறங்கும்போது, செவலை வால் தொங்கி, இறகு சிலிர்த்து, மூலையில் முக்கிக்கொண்டிருந்தது. “இது பொயக்காது. இப்பவே அறுத்தா கறியாவது மிஞ்சும்” என்று என் வீட்டுக்காரர் கத்தியை எடுத்துவிட்டார்.

“மொதல்ல என் கைய அறுங்க” என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். அகலப் பாத்திரத்தில் வெந்நீரை விளாவி, செவலையை அதில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டேன். கால் மரத்துப்போனது. தண்ணீர் ஆறத் தொடங்கியபோது, பக்கத்தில் யாரோ ஒரு சொம்பு சுடுதண்ணீர் கலந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் அண்ணி. அடுத்த சொம்புக்கும் அவரே அடுப்படிக்குப் போனார். கடைசியில், உடையாத ஒரு தோல் முட்டை வழுக்கி விழுந்தது. செவலை என் மேலெல்லாம் தண்ணீரைச் சிலுப்பிவிட்டு எழுந்து நடந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கிளிஞ்சலும் வெயிலும் மெல்ல வேலை செய்தன. கெட்டி ஓட்டோடு வந்த முதல் முட்டையை அம்மியில் தட்டிப் பார்த்தேன். நன்றாகவே சத்தம் வந்தது. அதை அண்ணிக்குத்தான் கொடுத்தனுப்பினேன்.

அதே வாரம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். “நா எதுக்கு?” என்றார். “நீங்களுந்தான்” என்றேன். இரண்டு பேருக்கும் சிகிச்சை நடக்கிறது. என்ன ஆகும் என்று தெரியாது. போகிற வீடெல்லாம் விசேஷம் உண்டா என்று என்னைக் கேட்டவர்கள் ஏராளம். நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. அதனால், இப்போது யாராவது ஒரு பெண்ணைக் காட்டி அவளிடம் ஏதோ குறை என்று ஆரம்பித்தால், டாக்டரம்மா என்னைக் கேட்டதையே நான் அவர்களைக் கேட்கிறேன்: இதுவரை அவளுக்கு என்ன கொடுத்தீர்கள்?