பஞ்சம்மாள் பார்த்துச் சொன்ன பச்சை

ஆமத்தூரில் பஞ்சம்மாளை வாய்க்காரி என்று சொல்பவர்கள் உண்டு. சொல்பவர்களில் பாதிப் பேர் அவள் கையால் சோறு வாங்கித் தின்றவர்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல். நான் அந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போனதிலிருந்து அவள் எனக்குப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்று. அதற்கு மேலே குழம்பும் போகும், வம்பும் போகும். என் வீட்டுக்காரர் வகையில் எனக்கு அவள் மதினி முறை. அவளைப் பற்றி நான் பேசினால் ஒருபக்கமாகத்தான் பேசுவேன். நடுநிலை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

காரியாபட்டியில் பிறந்தவள். பெத்தணனுக்குக் கழுத்தை நீட்டி இங்கே வந்தபோது மாமியார் இல்லாத வீடு. கொழுந்தன் சோலைச்சாமி அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டு திரிகிற பையன். அவனுக்குத் தலை சீவி விட்டவள், அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தவள், வளர்ந்த பிறகு சிவகாசியில் பெண் பார்த்துக் கட்டி வைத்தவள், எல்லாம் பஞ்சம்மாள்தான். அந்தப் பெண் சுப்புலட்சுமி. அச்சாபீஸில் கணக்குப் பார்ப்பவரின் மகள். நன்றாகப் படித்தவள், நல்ல நிறம், குரல் எழும்பாது. "எனக்குத் தங்கச்சி இல்லாத கொறை தீந்துச்சு" என்று பஞ்சம்மாள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

அந்த வீட்டு அடுப்படியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சன்னல் கிடையாது. ஓட்டிலிருந்து கரி ஒட்டடையாகத் தொங்கும். இரண்டு குடும்பம், பிள்ளைகள், போதாததற்குப் பருத்திக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மதியக் கஞ்சி. விறகுக்குக் காய்ந்த பருத்திமாரை ஒடித்து ஒடித்து வைத்து அவ்வளவுக்கும் அங்கேயே உலை கொதிக்கும். பஞ்சம்மாளின் கண் எப்போதும் கோவைப்பழம்தான். விருதுநகர் டாக்டர், புகையை விட்டு விலகி இருக்கவில்லை என்றால் பார்வை போய்விடும் என்று சொல்லி அனுப்பினார். விலகி எங்கே போவாள்?

ஐம்பத்தெட்டாம் வருஷம் பருத்தி நல்ல விலைக்குப் போனது. வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தில் அண்ணனும் தம்பியும் இரண்டு அறை எடுத்து, அதையொட்டி ஓர் அடுப்படியும் கட்ட ஆரம்பித்தார்கள். கிழக்கே பெரிய சன்னல், மேலே புகைக்கூண்டு. பஞ்சம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. சுவர் பூச்சு காய்ந்த அன்று பெத்தணன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னதை நானும் கேட்டேன்.

"என்ன கலரு அடிக்கணும்னு நீயே பாத்துச் சொல்லிரு. எங்களுக்கு அதெல்லாம் வெளங்காது."

"பச்சைதான். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றாள் உடனே. அவள் கண்ணுக்கு ஒரு குளிர்ச்சி கிடைக்கப்போகிறது என்று எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் பச்சை என்று வாயால் சொல்லிவிட்டால் ஆயிற்றா? வெள்ளையடிக்கச் சுடலை வந்தான். அவன் பெண்டாட்டி சிவகாசியில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறவள். இவன் சுண்ணாம்பு மட்டையும் வாளியுமாக ஊர் ஊராகச் சுவர் தேடிப் போகிறவன். சுண்ணாம்பில் கலர்ப் பொடியைக் கரைத்து, வச்சிரப் பசையைக் காய்ச்சி ஊற்றி, சுவரில் ஒரு கை அகலத்துக்குத் தீற்றிக் காட்டினான். ஈரத்தில் ஒரு நிறமாக இருந்தது, காய்ந்ததும் வேறொன்றாக வெளுத்தது. பஞ்சம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னலே இது, கிளிக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு?"

இன்னொன்று தீற்றினான்.

"பாசி புடிச்ச கெணறு. இதுக்குள்ள நின்னு எப்பிடிச் சோறு பொங்குறது?"

"காயட்டும் தாயி. காஞ்சாத்தான் நெறம் தெரியும். அவசரப்பட்டு வைறீகளே" என்றான் சுடலை.

காய்ந்தும் பிடிக்கவில்லை. சுவர் முழுக்கப் படை வந்த மாதிரி பச்சைப் பச்சையாகத் திட்டு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டுப் பந்தலில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தவள், பிஞ்சு ஒன்றை நகத்தால் பிளந்து அப்படியே நின்றுவிட்டாள். உள்பக்கத்தை எனக்குக் காட்டினாள். வெளுப்பும் பச்சையும் கலந்து, ஈரமாக, மினுமினுவென்று இருந்தது.

"இதான்" என்றாள்.

"பிஞ்சு நெறத்துக்குப் பொடி எந்தக் கடையில விக்கிறாக தாயி?" என்று சுடலை தலையைச் சொறிந்தான். பஞ்சம்மாள் விடுகிற ஆளா? பிஞ்சை ஈரத்துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு, சுப்புலட்சுமியையும் கூட்டிக்கொண்டு சிவகாசிக்கு பஸ் ஏறினாள். கடைக்காரர் பிஞ்சைப் பார்த்துவிட்டு, "இங்கன கலர்ப் பொடிதான் விக்கிறோம்மா, காய்கறி இல்ல" என்று கேலி செய்தாராம். அதற்கும் அசரவில்லை. அங்கிருந்து சுப்புலட்சுமியின் அப்பாவைப் போய்ப் பார்த்து, பிரஸ்ஸில் கலர் சரிபார்க்க ஓட்டிய தாள்களை வாங்கி, வரிசையாகப் பரப்பி, பிஞ்சோடு வைத்து வைத்துப் பார்த்து, பச்சையில் எவ்வளவு மஞ்சள் சேர்த்தால் அது வரும் என்று அச்சுக்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சுப்புலட்சுமி அவள் தோளில் சாய்ந்து தூங்கியதாகச் சொன்னாள். "புள்ளைக்கு அலைச்சல். எனக்காக எம்புட்டு வெயிலு பாரு" என்று அதற்கு ஒரு வருத்தம் வேறு.

சுடலை அதன்படி கலந்து தீற்றினான். காய்ந்தது. அச்சு அசல் அவரைப் பிஞ்சு. சுப்புலட்சுமி மட்டும் மெதுவாக, "இன்னுங் கொஞ்சம் வெளுப்பா இருந்தா நல்லாருக்கும்க்கா" என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் பஞ்சம்மாள் வாய்க்கு அவலாகியிருப்பார்கள். ஆனால் அவள், "அதுவும் சரிதான். அவளும் நாள் முச்சூடும் நிக்கிற எடந்தான" என்று சுண்ணாம்பைக் கூட்டிப் போடச் சொன்னாள்.

இடையில் காரியாபட்டியில் அவளுடைய பெரியப்பா இறந்துபோக, துஷ்டிக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். அதற்குள் சுப்புலட்சுமி புது அடுப்படியில் தானே மண் குழைத்து அடுப்புப் போட்டிருந்தாள். எங்கள் பக்கம் அடுப்புப் போடுவது பெண்கள் வேலை. பானையை வைத்து அளந்துதான் போடுவோம். ஒரு வீட்டு அடுப்பைப் பார்த்தாலே அந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். பஞ்சம்மாள் அதில் கெட்டிக்காரி. பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட முதலில் அடுப்பைத்தான் எட்டிப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் இந்த அடுப்பைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏ சுப்பு, இது என்ன சொப்பு வச்சு வெளையாடவா? இதுல நாலு பேருக்கு உலை வைக்கலாம். நம்ம வீட்டுப் பானை இதுல ஏறுமா?"

"எனக்கு இம்புட்டுத்தான் கை வந்துச்சுக்கா" என்றாள் சுப்புலட்சுமி, தலை நிமிராமல்.

"போகட்டும், பால் காய்ச்ச இது போதும். பெறகு நான் ஒடைச்சிட்டுப் பெருசாப் போட்டுக்கிடுதேன்." என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "படிச்ச புள்ள, அடுப்பு தெரியல." நானும் சேர்ந்து சிரித்தேன்.

வேறு யார் போட்ட அடுப்பாக இருந்தாலும் பார்த்த கணத்தில் அவளுக்குப் புரிந்திருக்கும். இது சுப்பு போட்டது. பாசம் வைத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரிக்கும் கண் மறைத்துவிடுகிறது.

தை பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். காலை வெயில் அந்தக் கிழக்குச் சன்னல் வழியாக வந்து பச்சைச் சுவரில் விழுந்தபோது, சொல்லக் கூடாது, அடுப்படிக்குள் நிற்கிற மாதிரியே இல்லை. கொடிப் பந்தலுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. வந்தவர்கள் எல்லாம் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். பஞ்சம்மாள் புதுச்சேலை கட்டி, அடுப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரத்தில் நெருப்பெடுத்துப் பற்றவைத்தாள். பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் குலவை போட்டோம். அவள் முகத்தை அப்படி ஒரு நிறைவோடு அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பின்னாலும் பார்க்கவில்லை.

சுப்புலட்சுமியின் அம்மா சிவகாசியிலிருந்து வந்திருந்தாள். வெண்கலப் பானை, குடம், கரண்டிகள், அரிசி, பருப்பு, உப்பு, புளி என்று கூடை கூடையாக இறக்கினார்கள். புது வீட்டுக்குச் சீர் செய்கிறார்கள் என்று நினைத்து, "எதுக்குச் சித்தி இம்புட்டும்? நம்ம வீட்ல இல்லாததா?" என்றாள் பஞ்சம்மாள்.

அந்த அம்மாள் பஞ்சம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மனதார, நன்றியோடுதான் சொன்னாள்.

"தனிக்குடித்தனம் போற பிள்ளைக்கு வெறுங்கையோடயா வர முடியும்? எந்த வீட்ல தாயி மூத்தவ மனசு வந்து எளையவளுக்கு அடுப்புப் பத்தவச்சுக் குடுக்கா? கலருகூட நீங்களே அலைஞ்சு பாத்துக் குடுத்தீகளாமே. எம் மக குடுத்து வச்சவ."

அவளுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் அந்த அம்மாள் பேசினாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, இவளைத் தவிர.

பஞ்சம்மாள் சுப்புலட்சுமியைப் பார்த்தாள். அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். சோலைச்சாமியைப் பார்த்தாள். "மதினி, நானே சொல்லணும்னுதான்..." என்று இழுத்தான். கடைசியாகத்தான் புருஷனைப் பார்த்தாள். பெத்தணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி அதே தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கும் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. எனக்கு அந்த இடத்திலேயே அத்தனை பேரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் போல இருந்தது. வாய்க்காரி என்று பெயரெடுத்தவளோ வாயே திறக்கவில்லை. பாலை இறக்கினாள். சீனி போட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் டம்ளரில் ஊற்றித் தன் கையாலேயே கொடுத்தாள். பிறகு பழைய அடுப்படிக்குப் போய், புதுச்சேலையோடு உட்கார்ந்து பருத்திமாரை ஒடிக்க ஆரம்பித்தாள்.

நான் சுவரேறிக் குதித்துப் போனேன். பின்னாலேயே பெத்தணனும் வந்து நிலைப்படியில் நின்றார்.

"எத்தன நாளைக்குத்தான் ஒண்ணா இருக்கிறது? என்னைக்கிருந்தாலும் பிரியத்தான போறாக. ஒனக்குத் தெரிஞ்சா நீ விடமாட்டே. பருத்தி எடுக்கிற நேரத்துல வீட்ல சண்டை வேண்டாம்னு பாத்தேன்" என்றார்.

"பிரியட்டும். சண்டை வேண்டாம்னு மறைச்சீக, அதுவும் சரி." அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை. "கலரு ஏன் என்னையக் கேட்டீக?"

பெத்தணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒனக்குத்தான் நல்லாப் பாக்கத் தெரியும்னு..."

அதைக் கேட்டதும்தான் அவள் அழுதாள். புகை இல்லாமலே கண் அப்படிச் சிவந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அவுக ரெண்டு பேரும் செஞ்சதக்கூட மறந்துருவேன் பாலம்மா" என்று என் பக்கம் திரும்பினாள். "நான் அந்தப் பிஞ்ச மடியில கட்டிக்கிட்டு பஸ் ஏறுறத இவுக நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தாக."

அதற்குப் பிறகு சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. சுப்புலட்சுமி பிள்ளை பெற்றபோது பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினாள். சோலைச்சாமி வந்தால் உட்காரச் சொல்வாள். அந்தப் பச்சை அடுப்படிக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. புருஷனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, வேளைக்குச் சோறு, வெந்நீர் எல்லாம் நடந்தது. ஆனால் மாடு வாங்கலாமா, மூத்த மகளுக்கு எந்த ஊரில் பார்க்கலாம் என்று அவர் எதைக் கேட்டாலும், "ஒங்க இஷ்டம்" என்று ஒரே பதில். மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க விருதுநகர் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரர் மலை மாதிரி விரித்துப் போட்டும், ஒன்றைக்கூட விரலால் தொட்டுப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அறுபத்து நாலில் பெத்தணனுக்கு என்ன தோன்றியதோ, பழைய அடுப்படியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். சன்னல் ஒன்றுக்கு இரண்டாக வைத்தார். அதற்குள் பஞ்சம்மாளுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. பூச்சு முடிந்து சுடலை வாளியோடு வந்து நின்ற அன்று, அவள் முற்றத்தில் சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். பெத்தணன் அவள் எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த மனிதர் பெண்டாட்டி எதிரே அப்படித் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"என்ன கலரு அடிக்கட்டும்? நீ சொல்லு."

அவள் கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "யாருக்குக் கட்டுறீக?"

"இது என்ன கேள்வி? ஒனக்குத்தான். சாமி சத்தியமா ஒனக்குத்தான்."

பஞ்சம்மாள் சுளகைக் கீழே வைத்தாள். கோபமே இல்லை. அவர் முகத்தை அந்த ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தாள்.

"நம்பணும்னுதான் பாக்குறேன்" என்றாள். "வரமாட்டேங்குது."

பெத்தணன் எழுந்து வெளியே போய்விட்டார். சுடலை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் வெறும் சுண்ணாம்பைக் கரைத்து அடித்துவிட்டுப் போனான்.