பீப்பாய்க்குக் காப்புக் கட்டிய ஊர்

ஊருக்கு நல்லது சொல்லச் சம்பளம் வாங்குகிறவளை, வரி கேட்க வந்தவளைப் போலத்தான் ஊர் முதலில் பார்க்கும். கிராம சேவிகையாக ஒரு மாதமாவது இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நாங்கள் படும் பாட்டைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளட்டும்.

மதுரையில் ரசாயனம் படித்துவிட்டு, நயினார்கோவில் பக்கத்து ஊர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். பருத்தி எடுத்து முடிந்ததும் செடியைப் பிடுங்கி, மார் என்கிற அந்தக் காய்ந்த தண்டை அப்படியே அடுப்பில் திணித்து எரிப்பார்கள். புகையில் பெண்களின் கண் எப்போதும் சிவந்திருக்கும். மாரைக் கரியாகச் சுட்டு எரிக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. ஆனால் நாலு பேர் கூடினால் எனக்குக் குரல் எழும்பாது. இதைக் கவனித்த வட்டார அதிகாரி, "ஆடி பிறக்கிறதுக்குள்ள அந்தப் பெண்கள் தாங்களாவே கரி சுடணும். இல்லேன்னா ஆபீசுக்கு வந்து தபால் பதியுங்க" என்று சொல்லிவிட்டார். அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஜன்னல் கிடையாது.

பூனைகள் வந்தன

கரி சுட ஒரு இரும்புப் பீப்பாய் வேண்டும். திருப்பாலைக்குடியில் ஒரு மரைக்காயர் இனாமாகவே கொடுத்தார். "சுறா எண்ணெய் வச்சிருந்தது. தீ பட்டா வாடை போயிரும்மா, இன்ஷா அல்லாஹ்" என்றார்.

வாடை போனது உண்மைதான். ஆனால் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் போனது. முதல் தடவை மூட்டியபோது என் செய்முறை விளக்கத்துக்குப் பெண்கள் வருவதற்கு முன்பே பூனைகள் வந்து வட்டமாக உட்கார்ந்துவிட்டன. பின்னால் வந்த முத்திருளாயி, அந்த ஊர்ப் பெண்கள் எதற்கும் யோசனை கேட்கும் மனுஷி, மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்: "ஏன் டீச்சர், கரி சுடுறீகளா, கருவாடு சுடுறீகளா? நான் வேணா சோத்த வடிச்சு எடுத்துட்டு வரவா?"

நல்ல மனசு

வாடை அடங்கிய பிறகு மறுபடி மூட்டினேன். முதலில் வெள்ளைப் புகை வரும், அது மாரில் உள்ள ஈரம். அப்புறம் கண்ணைக் கரிக்கும் மஞ்சள் புகை, அது மாரில் உள்ள தார். புகை நீலமாக மெலியும்போது மூடியைப் போட்டு, காற்றுப் புகாமல் மண் பூசிவிட வேண்டும். காற்று இல்லாமல் வெந்தால் கரி. காற்றுப் பட்டால் தீப்பிடித்துச் சாம்பல். இவ்வளவையும் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு, ஆறுகிற வரை திறக்க வேண்டாம் என்றும் சொல்லி வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பீப்பாய்க்குள் ஒரு பிடி சாம்பல் கிடந்தது. விசாரித்தேன். அந்த ஊரில் அடுப்பில் பானை இருந்தால், வழியே போகிற பெண் அடிபிடிக்காமல் இருக்க ஒருதரம் திறந்து பார்த்துவிட்டுப் போவாள். அது பக்கத்து வீட்டுக்குச் செய்கிற உதவி. அப்படித்தான் போனவள் வந்தவள் எல்லாம் மண்ணைப் பெயர்த்துத் திறந்து பார்த்து, பொறுப்பாகத் திரும்பவும் பூசி வைத்திருக்கிறார்கள். நான் பூசியதைவிட அழகாகப் பூசியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். திறந்தது தப்பு என்று நான் முனகியதும் முத்திருளாயிக்குக் கோபம் வந்தது. "அடுப்புல ஏத்துனதத் தொறந்து பாக்காம இருக்க நாங்க என்ன ஆம்பளையா?"

காப்பு

ஆனாலும் அடுத்த தடவை வழி கண்டுபிடித்தவள் அவள்தான். மண் பூசி முடித்ததும் மஞ்சள் கயிற்றில் வேப்பிலையைச் செருகிப் பீப்பாயைச் சுற்றிக் கட்டிவிட்டாள். திருவிழாவுக்குக் கட்டுகிற காப்பு மாதிரி. அதன் பிறகு ஒருத்தியும் கிட்டப் போகவில்லை. ஆறியதும் அவள் அவிழ்த்து மூடியைத் தூக்கியபோது உள்ளே மார் மாராகவே இருந்தது, ஆனால் கன்னங்கரேலென்று. ஒரு குச்சியை ஒடித்தேன், கண்ணாடி மாதிரி ஒடிந்தது. சந்தோஷத்துக்கு நடுவே, சாமி விஷயத்தை இதற்குப் பயன்படுத்தலாமா என்று தயங்கிக் கேட்டேன். "எங்க ஆத்தா கோவிச்சுக்கிடாது டீச்சர். புகையில அதுக்கும் கண்ணு எரியும்ல?"

புகை வராத வீடு

முதலில் குமுட்டி அடுப்பில் கரி போட்டுச் சமைத்தவள் பஞ்சவர்ணம். கூரைக்கு மேலே புகை எழும்பாததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி முந்தானையில் அரிசி முடிந்துகொண்டு ஓடி வந்தாள். கஷ்டத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறாளோ என்ற எண்ணம். குழம்பு கொதிப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றவள், அரிசி முடிச்சை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஒல வைக்க வழியில்லாமக் கெடக்கீகன்னு பதறிப்போயி வாரேன், நீங்க என்னடான்னா கத்திரிக்கா போட்டுப் புளிக்கொழம்பு வைக்கிறீக!"

ஜீப் வந்த நாள்

அதற்குப் பிறகு பெண்கள் என்னைக் கூப்பிடாமலே சுட ஆரம்பித்தார்கள். ஆடிக்கு முன்னால் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் வந்து இறங்கினார். அன்று காலையில்தான் பீப்பாயை மூடிக் காப்புக் கட்டிவிட்டு, முத்திருளாயி மிளகாய் வற்றல் விற்கப் பரமக்குடிக்குப் பஸ் ஏறியிருந்தாள்.

"திறந்து காட்டுங்க, பார்ப்போம்" என்றார் அதிகாரி. யாரும் அசையவில்லை. "கட்டுனவதாங்க அவுக்கணும். சாயந்தரம் வந்திருவா" என்றாள் பஞ்சவர்ணம். அவர் என்னைப் பார்த்தார். வழக்கம்போல நான் தரையைப் பார்த்தேன். பொறுமை போய் அவரே குனிந்து கயிற்றில் கை வைத்தார். பீப்பாய் இன்னும் ஆறவில்லை, திறந்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

"கையை எடுங்க சார்!"

கத்தியது யாரென்று நானே திரும்பிப் பார்த்தேன். அதிகாரி இரண்டு எட்டுப் பின்னால் போய்விட்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆரம்பித்த குரல் நிற்கவில்லை. ஈரம், தார், காற்று எல்லாவற்றையும் அவர் முகத்தைப் பார்த்தே சொல்லி முடித்தேன். அவர் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். பஞ்சவர்ணம் வீட்டில் சாப்பிட்டார். சாயந்தரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய முத்திருளாயி காப்பை அவிழ்க்க, முழுப் பீப்பாயும் கரி. அதிகாரி ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்துவிட்டு, ஜீப்பில் ஏறியபடி டிரைவரிடம் சொன்னார்: "இந்தம்மாவை ஆபீஸ்ல உட்கார வச்சா, என்னை என் அலமாரியைக்கூடத் திறக்க விடாது. இங்கேயே இருக்கட்டும்."

இந்த வேலையில் சேலை கறுக்கும், குரல் தடிக்கும், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.