கடையில் ஓடும், வீட்டில் நிற்கும்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆனி மாதக் காற்று ஆரம்பித்த நேரத்தில், விளாத்திகுளம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் நடந்தது இது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பருத்தி, மிளகாய், உளுந்துதான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவன் நான். டீயில் சீனி இல்லையென்றால்கூடக் கேட்காமல் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

என் மகள் கோவில்பட்டியில் கல்லூரி முடித்திருந்தாள். வீட்டிலிருந்தே செய்கிற ஒரு வேலை அவளுக்குக் கிடைத்தது. கையால் எழுதிய தாள்களின் படம் கம்ப்யூட்டரில் வரும். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். முதல் பதினைந்து நாள் சோதனை. தினமும் சொன்ன பக்கங்களைக் குறையில்லாமல் முடித்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் திருப்பூரில் விடுதியில் தங்கி, பனியன் கம்பெனியில் இருக்கும் அவள் சித்தி மகளோடு வேலைக்குச் சேர வேண்டும் என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம். அவளுக்கு அதில் விருப்பமே இல்லை. அவளை அனுப்ப எனக்கும் மனசில்லை.

கோவில்பட்டியில் ஒரு சின்னக் கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்தோம். கடைக்காரரே மெக்கானிக். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. சுவரோரம் மூலையில் மேசை போட்டு, கீழே பெட்டியை வைத்திருந்தோம்.

மூன்றாம் நாள் காற்று கிளம்பியது. எங்கள் பக்கத்துக் காற்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். உழுது போட்ட கரிசல் மண்ணெல்லாம் கிளம்பி வீட்டுக்குள் வந்துவிடும். சோற்றுத் தட்டில் மண், தலையணையில் மண். பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். சல்லடை மாதிரி ஓட்டைகள். அதன் வழியாக மண் உள்ளே போனால் பிள்ளையின் வேலை போய்விடுமே என்று பயந்தேன்.

எங்கள் வீட்டில் எதை அடைப்பதென்றாலும் பஞ்சுதான். விதைப் பாட்டிலின் வாய்க்குப் பஞ்சு, காற்றுக் காலத்தில் வண்டி ஓட்டும்போது காதுக்குப் பஞ்சு, எறும்பு வருகிற ஓட்டைக்குப் பஞ்சு. விற்காமல் வைத்திருந்த பருத்தி ஒரு சாக்கு கிடந்தது. மகள் குளிக்கப் போயிருந்த நேரம், உட்கார்ந்து கொட்டையை எல்லாம் கையால் பிரித்தெடுத்து, பஞ்சை மெத்தென்று ஆக்கி, பின்பக்கத்து ஓட்டைகளிலும் பக்கவாட்டு ஓட்டைகளிலும் ஒன்றுவிடாமல் அடைத்தேன். மேலே ஒட்டுநாடாவும் ஒட்டினேன். இரண்டு பக்கமும் சுவரைப் பார்த்து இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அன்று மத்தியானமே கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தது. மறுபடி போட்டால் அரை மணி நேரம் ஓடும், அணையும். மகள் தட்டச்சு செய்ததில் பாதி போயிற்று. நான் பஞ்சை நினைக்கவே இல்லை. பஞ்சு வைத்தவுடனே நின்றிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன். அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அல்லவா நிற்கிறது!

மறுநாள் பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறத் தயாரானேன். கிளம்பும் முன்பு பஞ்சை எல்லாம் பிடுங்கி எடுத்துவிட்டேன். கடையில் இருக்கிறவர்கள் பார்த்தால் பட்டிக்காட்டான் வேலை என்று சிரிப்பார்களே என்கிற கூச்சம்தான். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர், “என்ன அண்ணாச்சி, சாக்குக்குள்ள சேவலா? சத்தமே காணோமே” என்றார். நான் சும்மா சிரித்து வைத்தேன்.

மெக்கானிக் பெட்டியைப் போட்டுப் பார்த்தார். இரண்டு மணி நேரம் ஓடியது, அணையவில்லை. உள்ளே வைரஸைப் பிடிக்கிற புரோகிராம் இரண்டு இருக்கிறது, அதுதான் கோளாறு என்றார்.

“ஒரே வீட்டுக்கு ரெண்டு வாட்ச்மேன் போட்டிருக்கீங்க அண்ணாச்சி. அவன் இவனத் திருடங்கான், இவன் அவனத் திருடங்கான். ரெண்டு பேரும் கட்டிப் புரளுதானுவ. வீட்டுக்காரன் உள்ள போக முடியல.”

ஒன்றை எடுத்துவிட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். “வீட்ல நீங்களா எதும் செஞ்சீங்களா?”

கடையில் இன்னும் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தேன். பெட்டியை மூலையில் வைத்தேன். காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது. புதுப் பஞ்சாக எடுத்து அடைத்தேன். அரை மணி நேரத்தில் அணைந்தது.

இரண்டாவது தடவையும் அதே கதைதான். பஞ்சை எடுத்தேன், பஸ் ஏறினேன். மெக்கானிக் இந்த முறை பெட்டியைத் திறந்து, மெமரி என்கிற பட்டையைக் கழற்றிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற ரப்பரால் துடைத்தார். உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். ஒரு நாள் முழுக்கக் கடையிலேயே ஓடவிட்டார். ஒரு குறையும் இல்லை. “கடையில குதிர மாதிரி ஓடுது. ஒங்க வீட்டுக் கரண்ட்டுலதான் என்னமோ இருக்கு” என்றார். வீட்டுக்கு வந்ததும் நான் மறுபடி பஞ்சை அடைத்தேன், அது மறுபடி அணைந்தது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வயரை மாற்றினோம். பிளக்கை மாற்றினோம். மகள் பெட்டியின் முன்பக்கத்தில் கீபோர்டைக் கழற்றி மாட்டினாள், மவுஸைக் கழற்றி மாட்டினாள், போனில் யார் யாரோ சொன்ன புரோகிராமை எல்லாம் ஏற்றினாள், இறக்கினாள். எதற்கும் அது அசையவில்லை. அரை மணி நேரம் ஓடுவது, நிற்பது.

சோதனை நாட்களில் பதினொன்று போய்விட்டது. வேலை கொடுத்த அம்மா போனில், பக்கங்கள் மிகவும் குறைகிறது, இனிமேல் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டார். மகள் அன்று சாப்பிடவில்லை. என் மைத்துனர் வந்திருந்தார். அவருக்குக் குரல் கொஞ்சம் பெரிது.

“இதுல என்ன மச்சான் சந்தேகம்? கடையில வச்சு ஓடுது, வீட்டுக்கு வந்தா நிக்குன்னா, அனுப்பும்போது நல்ல சாமான உருவிட்டு ஓட்டச் சாமான மாட்டி அனுப்புதான். நீங்க ஒரு வார்த்த கேக்க மாட்டீங்க, அது அவனுக்குத் தெரிஞ்சு போச்சு.”

மகளுக்கும் அது சரியென்று பட்டுவிட்டது. உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணே, நெசமாச் சொல்லுங்க. எங்க பொட்டியில எதையாவது மாத்திட்டீங்களா?”

“தங்கச்சி, எட்டு வருசமா இங்கன கட வச்சிருக்கேன். இந்த வார்த்தைய ஒருத்தர் கேட்டதில்ல” என்றார். பிறகு, “சரி, அது கெடக்கட்டும். பொட்டி இப்ப ஓடுதா? பின்னாடி கைய வச்சுப் பாரு. சூடாக் காத்து வருதா?”

மகள் மேசைக்கு அடியில் குனிந்து, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கையை நீட்டிப் பார்த்தாள். “ஒண்ணும் வரல.”

“வரலையா? ஃபேன் சத்தம் கேக்குல்லா?”

“கேக்கு. ஆனா காத்து வரல.”

“அதெப்படி? அன்னைக்கு இங்கன நல்லா வந்துச்சே.”

“பாத்தியா” என்றார் மைத்துனர். “ஃபேனையும் மாத்திப்புட்டான் பாவி.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காற்று உள்ளே போகக் கூடாது என்று அடைத்தேன். சூடு வெளியே வருவதற்கும் அதுதான் வழி என்று எனக்குத் தெரியாது. ஒரு யோசனையும் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். எல்லோரும் போன பிறகு சத்தமில்லாமல் பஞ்சை எடுத்துவிட்டால் போதும். கம்ப்யூட்டர் ஓடும். யாருக்கும் தெரியாது. மெக்கானிக் பெயர் கெட்டால் கெட்டுப் போகட்டும், அவர் எங்கேயோ இருக்கிறார். இத்தனையும் ஒரு நொடியில் நினைத்தேன். ஆனால் மகள் போனில் அவரிடம், “திருடுன ஃபேன நாளைக்கே கொண்டு வந்து மாட்டுங்க” என்றாள். திருடன் என்கிற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“ஏட்டி, போதும். நான்தான் பஞ்சு வச்சு அடச்சிருக்கேன்” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. நானே குனிந்து, ஒட்டுநாடாவைக் கிழித்து, பஞ்சைக் கொத்துக் கொத்தாக எடுத்துத் தரையில் போட்டேன். சூடு ஏறி லேசாக மஞ்சள் பூத்திருந்தது.

போனில் மெக்கானிக் கேட்டார். “அண்ணாச்சி, கடைக்குக் கொண்டு வந்தப்ப பஞ்சு இல்லையே?”

“எடுத்துட்டு வந்தேன். நீங்க சிரிப்பீங்கன்னு.”

அவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் கேலியாக இல்லை. “மூக்கையும் வாயையும் பொத்திவிட்டுட்டு ஓடு ஓடுன்னா அது என்ன செய்யும் அண்ணாச்சி? நானும் எதுக்கெடுத்தாலும் சாஃப்ட்வேர் சாஃப்ட்வேர்ங்கேன். மண்ணு வருதுன்னா சன்னலுக்கு ஈரத்துணி கட்டுங்க. பொட்டிய மூச்சு விட விடுங்க.” மகள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். மைத்துனர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு கம்ப்யூட்டர் அணையவில்லை. மிச்ச நாட்கள் முழுக்க மகள் நிமிராமல் தட்டினாள். ஆனால் விட்டுப்போன பக்கங்களைப் பிடிக்க முடியவில்லை. பதினாறாம் நாள், வேறு ஆள் எடுத்துவிட்டோம் என்று தகவல் வந்தது. அந்த மாதக் கடைசியில் அவள் திருப்பூர் பஸ் ஏறினாள்.

என் மேல் அவள் கோபப்படவில்லை. கிளம்புகிற அன்று, பையைக் கட்டிக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னாள். “பஞ்சு வச்சது தப்பில்லப்பா. மண்ணு வரும்னுதான வச்சீங்க. அவிய கடையில கேட்டப்பவாது சொல்லியிருக்கலாம்லா.”

இப்போது அவள் அங்கேயே வேறொரு கம்பெனியின் ஆபீஸில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள், வாரம் ஒருமுறை பேசுகிறாள். நான் அடுத்த தடவை கோவில்பட்டி போனபோது அந்தக் கடைக்குப் போய் மெக்கானிக் முன்னால் நின்றேன். அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ சொன்னார்.

அமைதியான மனுஷன் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கேட்கிறபோதெல்லாம், நான் வாயைத் திறக்காததால் ஒருவர் திருடன் என்று பேச்சு வாங்கியதும், என் மகள் வீட்டைவிட்டுப் போனதும் நினைவுக்கு வருகிறது; அதனால் இப்போது யார் எது கேட்டாலும், சிரிப்பார்களே என்று தோன்றுகிற விஷயத்தைத்தான் முதலில் சொல்லிவிடுகிறேன்.