தாலுகா ஆபீஸ் வாசற்படி

எங்கள் ஊரின் பழைய தாலுகா ஆபீஸை இடிக்கலாமா என்று கருத்துக் கேட்கும் கூட்டம் அந்தக் கட்டடத்திலேயே நடந்தது. இடிக்கக் கூடாது என்று பேசப் போயிருந்தேன். கூட வந்த அப்பா வாசற்படியில் செருப்பைக் கழற்றினார்.

"இதென்ன கோயிலாப்பா? போட்டுக்கிட்டே வாங்க."

"பட்டாவுக்கு வந்தப்பல்லாம் கழட்டிட்டுத்தான் நின்னோம். படிச்சவன் நீ போ."

வெறுங்காலோடு வந்து அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்தார். என் முறை வந்ததும், தேக்கு உத்தரம், சுண்ணாம்புச் சுவர் என்று தயார் செய்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

"எங்காளுங்க செருப்பக் கழட்டி நின்ன எடமுங்க. இங்கயே அவுங்க செருப்போட நடக்கோணும். அதுக்காச்சும் இடிக்காதீங்க."

"புது ஆபீசுல போட்டுக்கிட்டு நடக்கட்டும் தம்பி!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா எழுந்து வெளியே போனார். அவமானத்தில் போய்விட்டாரோ என்று பதறினேன். செருப்புச் சத்தத்தோடு திரும்பி வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தார்.