பொம்மர் என்ற சொல்

எங்கள் குடும்பத்தில் கடைசியாகப் பிறந்தவர் முதலாவதாகப் போய்விட்டார். அவர் மறைந்த முப்பத்தோராம் நாளாகிய இன்று, இந்த நினைவு மலரில் தங்கையைப் பற்றி எழுத மூத்தவனாகிய நான் கடமைப்பட்டுள்ளேன்.

தங்கை பருத்தித்துறையில் பிறந்தார். போர் தொடங்குவதற்கு முன்பே, இருபது வயதில், மணமாகி லண்டன் வந்தார். மகளுக்கு நான்கு வயதானபோது கணவர் மாரடைப்பால் காலமானார். பகலில் வெம்பிளித் துணிக்கடையிலும் மாலையில் முதியோர் இல்லத்திலும் வேலை செய்து மகளை ஆளாக்கினார். ஐம்பதை நெருங்கும் வயதில் பரீட்சை எழுதி உரைபெயர்ப்பாளரானார். குரோய்டனில் அகதி விண்ணப்பதாரர் சொல்லும் தமிழை ஆங்கிலத்தில் சொல்வது அவர் பணி. கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். நேர்காணல் நாள்களில் மதிய உணவுக்குக் கறியில்லாத வெறும் பாண் ரொட்டியைத்தான் பெட்டியில் எடுத்துப்போவார். "கறி மணந்தால் அதுகளுக்கு வீட்டு நினைவு வந்திடும், அண்ணை. பிறகு எனக்கும் அழுகை வந்திடும்" என்பார்.

கடற்றொழிலாளி ஒருவரின் விண்ணப்பம் தங்கையின் வாழ்வின் கடைசி ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. அவருடைய பெயரைத் தங்கை ஒருபோதும் சொன்னதில்லை. போரில் மனைவியை இழந்த அவர், முதல் நேர்காணலில் "பொம்மர் அடிச்சது" என்றார். இரண்டாவதில் "கடலுக்கால வந்து விழுந்தது" என்றார்; அதாவது கடலிலிருந்து, கப்பல் ஏவியது. முதலாவதைத் தங்கை 'குண்டுவீச்சு விமானம்' என்றே ஆங்கிலமாக்கியிருந்தார். இரண்டும் முரண்படுவதால், அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டா என மறுநாள் தெரிவிக்குமாறு அதிகாரி கேட்டிருந்தார்.

அன்று மாலை தங்கை என்னிடம் வந்து, விமானத்திலிருந்து ஏவுவதும் கப்பலிலிருந்து ஏவுவதும் எப்படி வேறுபடும் என்று கேட்டார். நான் பொறியியல் கல்லூரியில் ஏவுகணை வழிகாட்டலைக் கற்பித்து ஓய்வு பெற்றவன்.

"விமானத்தால விடுறது இறக்கைக்குக் கீழ தொங்கிக்கொண்டு போகும், பிள்ளை. விமானத்தின்ர வேகமே அதுக்கு ஒரு தள்ளு. கப்பலால விடுறது நிண்ட நிலையில இருந்து எழும்பவேணும். அதுக்குப் பின்னால இன்னொரு உந்துகலம் பூட்டுவினம். எழும்பேக்க நெருப்பும் புகையும்..."

"அண்ணை, வகுப்பெடுக்காதேங்கோ. பள்ளிக்கூடம் விட்டு எனக்கு நாப்பது வருசமாச்சு. கீழ நிக்கிற ஆளுக்கு எது எதெண்டு தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும்."

"ஓம் எண்டு சொல்ல இவ்வளவு நேரம்!" என்று சிரித்தார். மறுநாள், அந்த மனிதர் வேறுபாடு தெரிந்தே பொம்மர் என்றிருப்பார் என நம்பி, அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இல்லை என்று தெரிவித்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

ஏழு மாதங்களுக்குப் பின், குரோய்டன் டிராமில் அந்தக் கடற்றொழிலாளியின் கரையோரத்துப் பெண்ணொருவர் தங்கையிடம், "கப்பல் பொம்மர்தான் அக்கா எங்களை முடிச்சது" என்றாராம். தங்கை கோட்டைக்கூடக் கழற்றாமல் என் வீட்டு வாசலில் நின்றார்.

"அண்ணை, அந்தச் சனத்துக்குப் பொம்மர் எண்டால் விமானம் மட்டும் இல்லை. இரைஞ்சு வந்து விழுறதெல்லாம் பொம்மர்தான். கப்பலால வந்தாலும் பொம்மர்தான்."

போருக்கு முன்பே புறப்பட்டவர்கள் நாங்கள். போர் எங்கள் மொழிக்குள் கொண்டுவந்த பொருள்கள் எங்களுக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய பிழை என்னுடையது. ஏவும் விமானமும் கப்பலும் பல மைல்களுக்கு அப்பால் நிற்கலாம். ஒலியை முந்தும் ஏவுகணை தன் இரைச்சலுக்கு முன்பே வந்துவிடும். மெதுவானதும் நீர்மட்டத்தை ஒட்டிப் பறந்தால் கடைசி நொடிகளில்தான் கண்ணில் படும். இவற்றையெல்லாம் ஆண்டுதோறும் கற்பித்தவன் நான். ஆயினும் தங்கைக்கு ஏவுகிறவனின் இடத்தில் நின்றே விடை சொன்னேன்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. 'பிழை என்னுடையது' என்று அந்த மனிதரின் வழக்கறிஞருக்குக் கையொப்பமிட்டு எழுதினார். என் பெயரை அதில் சேர்க்க மறுத்துவிட்டார். பின்னர் உரைபெயர்ப்புப் பணிக்குச் செல்லவில்லை. எவரும் தடுக்கவில்லை, தாமாகவே நிறுத்திக்கொண்டார். மேன்முறையீடு இழுபட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் கண்டது.

மருத்துவமனையில் அவர் தம் வலியைப் பற்றிப் பேசியதைவிட அந்த மனிதரைப் பற்றிப் பேசியதே அதிகம். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வழக்கறிஞரின் கடிதம் வந்தது. தங்கைக்குக் கண் மங்கி எழுத்துத் தெரியவில்லை.

"வாசியுங்கோ அண்ணை. தமிழிலயே சொல்லுங்கோ."

நான் ஒருமுறை மௌனமாக வாசித்தேன். பிறகு, "சரிவந்திட்டுதாம், பிள்ளை. இருக்க விட்டிட்டினமாம்" என்றேன்.

"பாவம் மனிசன்," என்றார். "இனியாவது நித்திரை கொள்ளட்டும்."

தங்கை நிம்மதியாகக் கண்மூடியதாக இங்கு வந்த உறவினர் பலரும் ஆறுதல் கூறினீர்கள். அது உண்மை. ஆனால், கடிதத்தில் இருந்தது மேன்முறையீடு தள்ளுபடி என்ற செய்தி. தங்கையின் திருத்தம் காலம் பிந்தி வந்ததென்பதும் அதில் இருந்தது. தங்கையின் மகளான என் மருமகளுக்கும் இதை இம்மலரின் வழியாகவே தெரிவிக்கிறேன். நேரில் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

இரவுபகலாகத் தாயைப் பராமரித்த மருமகளுக்கும், தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், இறுதிக் கிரியைகளை நடத்தித் தந்தோருக்கும் எம் குடும்பத்தின் நன்றி உரியது.

புதிய சான்று இருப்பின் இன்னொரு விண்ணப்பம் செய்யலாம் என வழக்கறிஞர் கூறினார். வந்து விழும் இடத்தில் நிற்பவர், அது விமானத்திலிருந்து ஏவப்பட்டதா கப்பலிலிருந்து ஏவப்பட்டதா என்று அறிய இயலாது என்பதை நான்கு பக்கங்களில் எழுதி, என் பெயரில் ஒப்பமிட்டு, இறுதிக் கிரியைகள் முடிந்த மறுநாள் அவரிடம் சேர்ப்பித்தேன். இதுவரை பதில் இல்லை.