அழுவதற்கு ஒரு டிக்கெட்

சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுப்பவளுக்கு மனிதர்கள் மணிக்கட்டு வரைதான் தெரிவார்கள். தபால் கந்தோரிலும் ரயில் ஸ்டேஷனிலும் கம்பிக்குப் பின்னால் நாள் முழுக்கக் குந்தியிருந்து, கழுத்து வலியோடு வீடு திரும்பும் என் இனத்தாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கண்டியில் படிப்பை முடித்துவிட்டு ஆசிரியர் வேலைக்காகக் காத்திருந்த காலம் அது. ஹட்டனில் என் சித்தப்பா நடத்திய கொட்டகையில், பெண்கள் பக்கத்து டிக்கெட் ஜன்னல் எனக்குக் கிடைத்தது. ஜன்னல் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன்; பலகையில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. யார் முகத்தையும் பார்த்துப் பேசவேண்டாம் என்பதால்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

நனையாத துணி

ஓட்டைக்குள் காசு வருமுன் ஒரு கேள்வி வரும். “அழுவுற படமா, சண்டைப் படமா?” சண்டை என்றால் பாதிக் கைகள் பின்வாங்கிவிடும். எல்லாம் தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். வாரம் முழுக்க மழையிலும் குளிரிலும் மலை ஏறி இறங்கியவர்கள், ஓய்வு கிடைக்கிற ஒரு நாளில் அழுகையைத் தேடி பஸ் ஏறி வருவானேன் என்று எனக்கு விளங்கவில்லை. கல்லூரியில் நாங்கள் சிரிப்பதற்குத்தான் சினிமாவுக்குப் போனோம்.

ஒரு தடவை, கதாநாயகி கடைசியில் பிழைத்துக்கொள்ளும் படம் ஒன்று ஓடியது. காட்சி முடிந்ததும் ஓர் அம்மாள் என் பலகையைப் படபடவென்று தட்டினாள். குனிந்து பார்த்தேன். மடித்த துணி ஒன்றை ஓட்டைக்கு நேரே ஆட்டிக் காட்டினாள்.

“என்னம்மா படம் குடுக்குறீங்க? ஒரு சொட்டு வரல. கொண்டாந்த துணிய அப்புடியே மடிச்சி எடுத்துக்கிட்டுப் போறேன்!”

பியசேன

கொட்டகைக்குள் பெண்கள் பக்கத்தையும் ஆண்கள் பக்கத்தையும் பிரித்து ஆளுயரச் சுவர் ஒன்று இருந்தது. அதன் முனையில் டார்ச் லைட்டோடு நின்று இரண்டு பக்கமும் இடம் காட்டியவர் பியசேன. கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களவர். தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். படத்தில் பேசும் தமிழ் மட்டும் அவருக்குப் பாதிக்கு மேல் புரியாது. ஆனாலும் ஒவ்வொரு மாட்னி முடிந்தும் கண் சிவந்துதான் வெளியே வருவார். சளி பிடித்திருக்கிறதோ என்று நினைத்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு நாள் கேட்டேன்.

“சளி இல்ல மிஸ். கதையும் எனக்கு விளங்கல்ல. ஆனா இத்தனை நோனாமார் அழுகிற நேரம் நான் மட்டும் டார்ச்சப் புடிச்சிக்கிட்டு மரம் மாதிரி நின்னா மரியாதையா?”

சிரிப்புப் படம்

மணிக்கட்டில் தேள் பச்சை குத்திய கை ஒன்று ஞாயிற்றுக்கிழமை மாட்னிக்குத் தவறாமல் வரும். பேச்சாயி என்று பெயர். வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். ஒரு ஞாயிறு அந்தக் கை காசை வைத்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டது. “இன்னைக்கு முழுக்கச் சிரிப்புப் படம் அக்கா” என்றேன். கை அங்கேயே நின்றுவிட்டது. “ஏய், டிக்கெட்ட எடு, இல்ல கைய எடு!” என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். அவள் ஒதுங்கி நின்று, கூட்டம் குறைந்ததும் ஓட்டைக்கு நேரே குனிந்தாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைவிடச் சில வயது மூத்தவளாக இருப்பாள், அவ்வளவுதான்.

அவளுடைய ஒரே பெண் குழந்தை காய்ச்சலில் இறந்துபோயிருந்தது. “எங்க லயத்து வரிசை வீட்டுல நடுச்செவுரு கூரை வரைக்கும் போகாதும்மா. மொத காம்பராவுல தும்முனா கடைசிக் காம்பராவுல கேக்கும். நான் அழுதா எங்க வீட்டுக்காரரு வீட்டுல இருக்கமாட்டாரு. துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எறங்கிப் போயிருவாரு. அப்புறம் எப்ப வருவாரோ. நீ வாய மூடுனாத்தான் எம்மகன் வீட்டுல தங்குவான்னு மாமியா சொல்லுது.”

அதனால் அவள் வீட்டில் வாயை மூடிக்கொண்டு இங்கே வந்து அழுதிருக்கிறாள். அடுத்த வாரம் சோகப் படம் போடுகிறார்கள், அப்போது வாருங்கள் என்றேன். அவள் காசை இன்னும் உள்ளே தள்ளினாள்.

“இதுக்கே குடும்மா. எல்லாரும் சிரிக்கிற சத்தத்துல நான் அழுவுறது யாருக்கும் கேக்காது.”

தூணுக்குப் பின்னால்

இன்னொரு ஞாயிறு மாட்னி விடும்போது நல்ல மழை. ஜன்னலை மூடிவிட்டு முன்வாசலில் மழை விடக் காத்து நின்றேன். பேச்சாயியும் பக்கத்தில் நின்றாள். திடீரென்று முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஆண்கள் வாசலிலிருந்து வந்த மெலிந்த மனிதர் ஒருவர், துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார்.

“எங்க வீட்டுக்காரரும்மா! சங்கக் கூட்டம்னு சொல்லிட்டு வந்த மனுசன். என்னயப் பாத்தாரா?” இல்லை என்று தலையாட்டினேன். அவள் தூணை விட்டு வெளியே வந்தாள். “பாருங்க, புள்ளயப் பொதைச்ச மண்ணு காயல, இவருக்குப் படம் கேக்குது!”

கதவைப் பூட்டிக்கொண்டிருந்த பியசேன திரும்பிப் பார்த்தார். “அந்த ஆள் படம் பாக்கிறதில்ல அக்கே. எல்லா ஞாயிறும் வருவார். சுவர் ஓரத்து வாங்குலதான் குந்தியிருப்பார். லைட்ட அணைச்ச உடனே துண்ட வாயில அடைச்சிக்கிட்டுக் குனிஞ்சிருவார். லைட் போட்டா முகத்தத் தொடைச்சிக்கிட்டு எழும்பிருவார்.”

பேச்சாயி மழையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உட்காருவதும் அதே சுவர் ஓரம்தான், இந்தப் பக்கம். வீட்டுக்குப் போய் அவரிடம் பேசுங்கள் அக்கா என்று நான் மெல்லச் சொன்னேன். அவள் பதறிப்போனாள்.

“கேட்டுறாதீங்கம்மா, நானும் கேக்கமாட்டேன். கேட்டா அப்புறம் இங்கயும் வரமாட்டாரு. வேற எங்க போவாரு?”

குடும்பத்தோடு

சித்தப்பா கொழும்புக்குப் போய்வந்தார். அங்கே புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கிறார்களாம். “நாம மட்டும் ஏன் இன்னும் மாட்டுக் கொட்டில் மாதிரி கட்டிவச்சிருக்கணும்?” என்று ஆள்விட்டு நடுச்சுவரை இடித்தார். வாசலில் ‘குடும்பத்தோடு அமரலாம்’ என்று பலகை தொங்கியது. இனி எல்லாருக்கும் ஒரே ஜன்னல், என்னுடையது. புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு ஒரே சந்தோஷம். பொய் சொல்வானேன், எனக்கும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது.

அந்த ஞாயிறு பேச்சாயியின் கணவர் முதலில் வந்தார். “ஆம்பளைங்களுக்கும் இதேதானா?” என்று கேட்டு டிக்கெட் வாங்கிப் போனார். அது அவர்தான், சுவர் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பின்மூலைக்குப் போய்விட்டார் என்று பியசேன வந்து சொன்னார். சற்று நேரத்தில் தேள் பச்சை குத்திய கை ஓட்டைக்குள் வந்தது.

“அவரு வந்துட்டாரா?”

“உள்ளதான் இருக்காரு அக்கா.”

கை காசைத் திரும்ப எடுத்துக்கொண்டது. உள்ளே மணி அடித்துவிட்டது. அவர் பின்னால் இருக்கிறார், நீங்கள் முன்னால் போய் உட்காருங்கள், இருட்டில் தெரியாது என்று அவசரமாகச் சொன்னேன். அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“செவுரு இல்லாம எப்புடிம்மா? எத்தன பேரு அழுதாலும் என் அழுவாச்சி அவருக்குத் தெரிஞ்சிரும். துண்ட ஒதறிக்கிட்டு எந்திரிச்சிருவாரு. இந்த வாரம் அவரு அழுவட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம அவர வெறகுக்கு அனுப்பிட்டு நான் வாரேன்.”

மெத்தை வைத்த நாற்காலி, பட்டுத் திரை, குடும்பத்தோடு அமரும் வசதி என்று கொட்டகைகளில் எல்லாம் வந்துவிட்டன; அழுவதற்குத்தான் புருஷனும் பெண்டாட்டியும் முறை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.